குளிரில் கழலாத நட்டு

சைக்கிளுக்கு விலை கூடின பார்ட் ஆர்டர் பண்ணப் போறீங்களா? அதுக்கு முன்னாடி துல்லியோ காம்பக்னோலோ பத்தித் தெரிஞ்சுக்கோங்க.

1901-ல் இத்தாலியின் விசென்சாவில் பிறந்தவர். இளம் வயதில் சைக்கிள் ரேஸ் ஓட்டினார். அப்போ பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வேற வேற அளவு பற்சக்கரம் இருக்கும். கியர் மாத்தணும்னா இறங்கி, சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டணும். 1927-ல் ஒரு மலைப்பாதையில் குளிரில் விரல் மரத்துப்போய், நட்டைக் கழட்ட முடியாம ரேஸை விட்டார்னு ஒரு கதை சொல்வாங்க. பிறகு அவர் கொண்டுவந்ததுதான் க்விக் ரிலீஸ். லீவரை மடக்கினா சக்கரம் இறுகும். திறந்தா ஸ்பேனர் இல்லாமலே கழண்டு வரும்.

1933-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1950-களில் அவரோட கிரான் ஸ்போர்ட் கியர் ரேஸ்காரர்களிடம் பேர் வாங்குச்சு. 1970-களில் சூப்பர் ரெக்கார்ட் வந்தது. முந்தைய ரெக்கார்டில் அங்கங்கே டைட்டானியம் சேர்த்து எடையைக் குறைச்சாங்க. வேலை ஏறக்குறைய அதேதான். விலை மட்டும் ஏறிடுச்சு. 1983-ல் அவர் மறைந்தார்.

க்விக் ரிலீஸ் இன்னைக்கு சாதாரண சைக்கிள்லயும் இருக்கு. டைட்டானியம் இன்னும் காசு இருக்கிறவங்களுக்குத்தான். ரெண்டும் ஒரே கம்பெனி சரக்கு!

அதனால பிராண்டைப் பார்க்காதீங்க. இந்தப் பார்ட் என்னோட எந்தக் கஷ்டத்தைத் தீர்க்குதுன்னு கேளுங்க. பதில் இருந்தா தாராளமா வாங்குங்க. சில கிராம் குறையும்ங்கிறது மட்டும்தான் பதில்னா, அந்தக் காசுல நல்ல டயரும் பிரேக் கட்டையும் மாத்துங்க.