துப்பாக்கி பிடித்த கையில் கேமரா



கோடை விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் நைனிடால் போவதாகக் கேள்விப்பட்டேன். அருகிலுள்ள கார்பெட் தேசியப் பூங்காவையும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். அந்தப் பெயருக்கு உரியவரைத் தெரிந்துகொண்டு போனால் நல்லதல்லவா?

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் தபால் அதிகாரி. மகனின் சிறுவயதிலேயே காலமானார். குளிர்காலத்தில் குடும்பம் காலாடுங்கிக்கு இறங்கிவரும். அங்கேதான் சிறுவன் காட்டைப் படித்தான். வளர்ந்தபின், பீகாரின் மொகாமா காட்டில் ரயில்வே சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நம்மைப் போல அவரும் உழைத்துப் பிழைத்தவரே.

1907-இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்றதாகப் பதிவு. போகுமுன் அரசிடம் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். 1926-இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் வீழ்த்தினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. யாரோ சுட்ட பழைய குண்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைத் தேடியது. அக்காலத்தில் அரசுக் காப்புக்காடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். சுட்டவர் குறி தவறிவிட்டு வீடு திரும்பிவிடுவார். அந்தக் கடனை அடைப்பவர்கள் புல்லறுக்கப் போகும் ஏழைப் பெண்கள்.

வன அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப் படங்கள் கார்பெட்டையும் கேமரா பக்கம் திருப்பின. காட்டைக் காக்க வேண்டும் என்று பேசினார், எழுதினார். ஆளுநர் ஹெய்லியின் ஆதரவோடு 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் எல்லைக்குள் வேட்டைக்கு இடமில்லை.

அவர் கணக்கில் பற்றும் உண்டு, மறைக்கக் கூடாது. பூங்கா வந்த பிறகும் வைஸ்ராய் லின்லித்கோவுக்குப் புலி வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவரே. ஆனாலும் வரவு பெரிது என்பது என் கருத்து.

திருமணம் செய்துகொள்ளாத அவர், 1947-இல் அக்கா மேகியுடன் கென்யா சென்று, 1955 ஏப்ரல் 19 அன்று அங்கேயே காலமானார். பின்னர் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

ஜீப்பில் போகும்போது புலி தென்படாவிட்டால் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகளைச் சத்தமின்றி மண்ணிலுள்ள கால்தடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பெட் காட்டைக் கற்றதும் அப்படித்தான்.