செத்தவர்களை நடக்கவிட்டவர்

1996 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13 ஆம் நாள் ரோமாபுரியில் ஒரு படத்தொழிலாளி காலமானார். அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை இயக்கியவர் அவர். எனினும் அவர் நாட்டுத் திறனாய்வாளர் பலர் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அவருடைய படம் ஒன்றின் வீடியோ நாடாக்களை இங்கிலாந்துக் காவல்துறை கடைகடையாகப் புகுந்து பறித்தது. இன்றோ, அதே படம் துப்புரவாகச் சீர்செய்யப்பெற்று, புளூ-ரே தட்டுகளில் பதிக்கப்பெற்று, நகைப்பேழை போன்ற உறையில் வெளிவருகிறது. உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் அதை விரும்பி வாங்குகின்றனர். பழிக்கப்பட்ட ஒரு பண்டம் பாதுகாக்கப்படும் செல்வமாக மாறியது எப்படி? அந்தக் கதையை அறிய, லூச்சோ ஃபுல்ச்சி என்னும் அந்த மனிதரின் வாழ்க்கையை நாம் அறிதல் வேண்டும்.

ஃபுல்ச்சி 1927 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் ரோமாபுரியில் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது மருத்துவம். நம்முள் அறிவியல் பயில்வோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். மனித உடலை அறுத்து அறியும் கல்வி பிற்காலத்தில் அவருக்கு வேறு வகையில் பயன்பட்டது! ஆனால் மருத்துவம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஓவியக் கலையைப் பற்றி எழுதினார். பின்னர் ரோமாபுரியில் உள்ள திரைப்படக் கல்விக் கூடத்தில் சேர்ந்தார். ஸ்டெனோ என்னும் நகைச்சுவைப் பட இயக்குநரிடம் உதவியாளராகத் தொழில் கற்றார். 1954 இல் வெளிவந்து இத்தாலியரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த, ரோமாபுரியில் வாழும் அமெரிக்கப் பித்தன் ஒருவனைப் பற்றிய படத்தின் கதையை எழுதியவர்களுள் அவரும் ஒருவர்.

அச்சத்தின் பேரரசர் என்று இன்று போற்றப்படுபவர், தம் தொழிலைச் சிரிப்பில்தான் தொடங்கினார் என்பது வியப்பன்றோ? 1959 இல் அவர் இயக்கிய முதற்படத்தில் நடித்தவர் தோத்தோ. நம் கலைவாணரை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய மக்களிடம் தோத்தோ பெற்றிருந்த இடம் அத்தகையது. ஃபுல்ச்சி பாட்டும் எழுதினார். அட்ரியானோ செலந்தானோ பாடி 1961 இல் புகழ்பெற்ற, இருபத்துநான்காயிரம் முத்தங்களைப் பற்றிய பாட்டை எழுதியதில் அவருக்கும் பங்குண்டு. அதன்பின் நகைச்சுவை இரட்டையர் ஃபிராங்கோ, சிச்சியோ ஆகியோரை வைத்துப் படம் படமாக எடுத்துத் தள்ளினார். 1966 இல் ஃபிராங்கோ நீரோவை வைத்துக் குதிரைவீரர் படமும் எடுத்தார். எந்த வேலை வந்தாலும் மறுக்காதவர். தொழிலைக் கரைத்துக் குடித்தவர்.

1969 இல் அவர் போக்கு மாறியது. கொடிய தந்தையைக் கொன்ற குற்றத்திற்காக 1599 இல் தலை வெட்டப்பட்ட பெயாத்ரிச்சே செஞ்சி என்னும் ரோமாபுரிப் பெண்ணின் கதையைப் படமாக்கினார். அந்தக் காலத்தையொட்டியே அவர் தம் மனைவியையும் துயரமான முறையில் இழந்தார். அதற்குப் பின் வந்த படங்களில் சிரிப்பு குறைந்தது, இருள் கூடியது. 1971 இல் அவர் எடுத்த மர்மப்படத்தில், ஆய்வுக்கூடமொன்றில் உடல் கிழிக்கப்பட்ட நாய்கள் துடிப்பதாக ஒரு காட்சி. உண்மை நாய்களையே வதைத்துவிட்டார் என்று வழக்கு எழுந்தது. பொம்மைகளைச் செய்த கார்லோ ரம்பால்டி அவற்றை நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டிய பின்னரே ஃபுல்ச்சி தப்பினார். பிற்காலத்தில் ஆஸ்கர் பரிசுகள் பெற்ற கைவினைஞர் இந்த ரம்பால்டி. அடுத்த ஆண்டு வந்த படத்தில், தென்னித்தாலியச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகள் கொலையுண்கின்றனர். சூனியக்காரி என்று ஊரார் ஒரு பெண்ணைச் சங்கிலியால் அடித்துக் கொல்கின்றனர். குற்றவாளியோ வேறொருவர், ஊர் வணங்கும் பாதிரியாரே அவர். மூட நம்பிக்கையையும் ஊர்க் கும்பலின் வெறியையும் அவ்வளவு கடுமையாகச் சாடிய படம் அங்கே அரிது. 

பின்னர் 1979 வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கர் ஜார்ஜ் ரொமேரோவின் நடைப்பிணப் படம் இத்தாலியில் 'சோம்பி' என்னும் பெயரில் ஓடிப் பணம் குவித்திருந்தது. தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? ஃபுல்ச்சியை அழைத்து, 'சோம்பி 2' என்று பெயரிட்டு, தொடர்ச்சியே அல்லாத ஒரு தொடர்ச்சியை எடுக்கச் செய்தனர். பெயர் கடன், ஆனால் படம் கடன் அன்று.

ஆளற்ற படகு ஒன்று நியூயார்க்குத் துறைமுகத்தில் மிதந்து வருகிறது. அதன் உரிமையாளரின் மகளும் ஒரு செய்தியாளரும் கரீபியன் கடலில் உள்ள மத்தூல் என்னும் கற்பனைத் தீவுக்குச் செல்கின்றனர். அங்கே இறந்தவர்கள் எழுகின்றனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஸ்பானியப் படைவீரர்களின் பிணங்களும் மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்புகின்றன. கடலடியில் நடைப்பிணம் ஒன்று சுறாமீனோடு மல்லுக்கு நிற்கிறது. சுறாக்களோடு பழகிய மெக்சிகோ நீர்மூழ்கி ரமோன் பிராவோ பிணவேடம் பூண்டு அதில் இறங்கினார். கணினி வித்தை இல்லாத காலம். சுறா உண்மைச் சுறா! ஜன்னெட்டோ தே ரோசி களிமண்ணும் சாயமும் கொண்டு பிணங்களைப் படைத்தார். ஃபேபியோ ஃபிரிட்சி இசையமைத்தார். இறுதியில் புரூக்ளின் பாலத்தின் மீது பிணங்கள் சாரிசாரியாக நடக்கின்றன.

படத்தின் ஒரு பகுதி தொமினிக்கன் குடியரசில் எடுக்கப்பட்டது. அத்தீவின் மறுபாதிதான் ஹெய்தி. சோம்பி என்னும் எண்ணம் தழைத்த மண் அது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் மாண்ட ஆப்பிரிக்க அடிமைகளுக்கு ஓர் அச்சம் இருந்தது: செத்த பின்னும் விடுதலை இல்லை, பிணத்தையும் எழுப்பி வேலை வாங்குவான் எசமானன் என்னும் அச்சம். 1804 இல் அடிமைகளே போராடி அந்நாட்டை விடுவித்தனர். ஆனால் அச்சம் கதையாய் எஞ்சியது. அந்தமானில் வாழும் நமக்கு இது புரியாத செய்தியா? 1858 இல் கைதிக் குடியிருப்பு அமைந்த மண் இது. 1896 முதல் 1906 வரை கைதிகளின் கைகளாலேயே கட்டப்பட்ட கூண்டுச் சிறை, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில் நம் கண்முன் நிற்கிறது. பெயர் பறிக்கப்பட்டு, எண் கொடுக்கப்பட்டு, மாட்டைப் போலச் செக்கிழுத்தவர்களின் கதைதானே ஹெய்தியின் கதையும்!

இதை ஃபுல்ச்சி எண்ணி எடுத்தாரா என்றால், முழுமையாக இல்லை என்றே சொல்லவேண்டும். அவர் படத்தில் தீவின் மக்களுக்குப் பெரும்பாலும் வாயில்லை. தொலைவில் முழங்கும் பறையொலியாகவே அவர்கள் இருக்கிறார்கள். பேசுபவர் பெரும்பாலும் வெள்ளையரே. பெண்களின் உடல் சிதைவதை அவர் ஒளிப்பெட்டி வேண்டிய அளவுக்கு மேலும் நின்று பார்க்கிறது. இக்குறைகளை மறைத்துப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆயினும் தன்னை அழித்தவனின் பிணமும் ஒருநாள் எழுந்து அவன் இனத்தையே தின்னும் என்னும் காட்சியை, அந்தப் படைவீரர்களின் கல்லறை வாயிலாக அவர் நம் மனத்தில் பதித்துவிட்டார்.

படம் நாடு நாடாக ஓடியது. இங்கிலாந்தில் வீடியோவாக வந்தபோதுதான் புயல் கிளம்பியது. தடைசெய்ய வேண்டிய வீடியோக்கள் என அரசு வழக்கறிஞர் தொகுத்த பட்டியலில் அது ஏறியது. 1984 இல் வீடியோக்களுக்கெனத் தனிச்சட்டமே பிறந்தது. அந்நாட்டில் ஒரு வெட்டும் இன்றி அப்படம் ஒப்புதல் பெற்றது 2005 இல்தான்.

1980 முதல் 1982 வரை ஃபுல்ச்சி மேலும் பல அச்சப்படங்களை எடுத்தார். 1981 இல் வந்த 'அப்பால்' என்னும் பொருள்படும் பெயருடைய படத்தையே அவருடைய தலைசிறந்த ஆக்கமாகப் பலர் கருதுகின்றனர். அதன்பின் ஈரல் நோய் அவரை வீழ்த்தியது. 1988 இல் 'சோம்பி 3' படத்திற்காகப் பிலிப்பைன்ஸ் சென்றவர், அதை முடிக்காமலே திரும்பினார், வேறொருவர் முடித்தார். 1990 இல், தாம் எடுத்த கொடுங்காட்சிகளே தம்மை வாட்டுவதாகக் கருதும் இயக்குநராக, தம் சொந்தப் பெயரிலேயே திரையில் தோன்றினார். நீரிழிவும் பணமுடையும் சேர்ந்து வருத்திய நாட்கள் அவை.

1996 சனவரியில், நியூயார்க்கு நகரில் அச்சப்பட அன்பர்கள் கூடிய விழாவுக்கு அவரை அழைத்தனர். நகரமே பனிப்புயலில் மூடிக்கிடந்தது. காலில் கட்டோடு வந்தார் முதியவர். கூட்டம் வராது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் பனியைப் பொருட்படுத்தாது வந்த இளைஞர்கள் வரிசையில் காத்து நின்றனர். தம்மை இத்தனை பேர் நேசிக்கிறார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டார். இரண்டே திங்களில் மறைந்தார்.

அந்த இளைஞர் கூட்டத்தின் அன்புதான் படத்தைக் காத்தது. 'சோம்பி 2' டெக்னிஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டது. வழக்கமாக 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு சட்டத்திற்கு நான்கு துளை நீளம் வேண்டும். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. பிலிம் செலவு பாதி. ஆனால் படமும் சிறிது. ஆகவே படியெடுத்த பிரிண்டுகளில் அது மங்கியும் மணல்மணலாகவும் தெரிந்தது. அமெரிக்காவின் புளூ அண்டர்கிரவுண்ட் நிறுவனம் மூல நெகடிவையே 4கே அளவில் வருடி, 2018 இல் மூன்று தட்டுகள் கொண்ட பதிப்பாக வெளியிட்டது. அதில் ஃபிரிட்சியின் இசைத்தட்டு ஒன்று. படத்தில் உழைத்தவர்களின் பேட்டிகள். ஒரு கட்டுரைச் சிறுநூல். சாய்த்தால் அசையும் அட்டைப்படம். 2020 இல் 4கே தட்டாகவே வந்தது. நெகடிவ் பிழைத்திருந்தது; அதனால் படம் பிழைத்தது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். தமிழகத்தின் முதற்படமான 'கீசக வத'த்தை நடராச முதலியார் 1910-களின் இறுதியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்தார். இன்று அதன் ஓர் அடிச் சுருளும் இல்லை. 1931 இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. 1964 இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறக்குமுன் மறைந்தவை கணக்கற்றவை. 2003 இல் புனேயில் நேர்ந்த தீவிபத்திலும் பழஞ்சுருள்கள் பல வெந்து சாம்பலாயின. இத்தாலியர் குப்பை என்று ஒதுக்கிய பிணப்படத்திற்கு உயிர் உண்டு. நம் மூதாதையர் போற்றிய முதற்படங்களுக்கு இல்லை! எது குப்பை, எது செல்வம் என்பதை ஒரு தலைமுறை முடிவு செய்யலாகாது என்பதே ஃபுல்ச்சியின் வாழ்வு கற்பிக்கும் பாடம்.

அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடிநெடி வீசும். வீடியோ நாடாவின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் நம் தீவுகளில் இது எத்துணை விரைவில் நிகழும் என்பதை வேதியியல் படிப்போர் அறிவர். இங்குக் குடியேறிய தமிழர் வீடுகளின் அலமாரிகளில் திருமண நாடாக்கள் இருக்கின்றன. கோயில் திருவிழா நாடாக்கள் இருக்கின்றன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு முன் இருந்த கரைகளும், அதில் மறைந்தவர்களின் முகங்களும் அவற்றில் இருக்கக்கூடும். அவற்றுக்கு வேறு நெகடிவ் கிடையாது.

நண்பர்களே! இந்த விடுமுறையில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். நாடா கிடைத்தால், பூஞ்சை பிடித்ததைக் கருவியில் போட்டு அறுத்துவிடாமல், உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்; தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் படியெடுங்கள். பேசும் முகம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மறைந்தவர்களை மீண்டும் நடக்கவிடும் ஆற்றல் ஃபுல்ச்சிக்கு மட்டும் உரியதன்று.