கம்பியில்லாமல் மணி அடித்தவர்



கஜா புயலை நம்ம பக்கம் யாராலும் மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கிடையாது. வேதாரண்யத்தில் இருக்கும் எங்க அத்தையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தாத்தா தன்னோட பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமா மூணு நாள் சார்ஜ் நிற்கும் போன் அது. அன்றைக்கு யாரும் அதில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் மறுநாள் மத்தியானமே அணைந்துவிட்டது. ஐந்தாம் நாள் அத்தை நேரில் வந்து நின்ற பிறகுதான் பாட்டி நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டார்.

பேசாத போனில் சார்ஜ் எப்படிக் குறையும்? எனக்கு அப்போது எட்டு வயசு. கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. விடையைத் தேடப் போனபோதுதான் இந்த மாமேதையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் பெரிய அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலம் அது. ஆனால் அப்பா மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களில் ஒருவன் மீனவர் மகன். அவர்கள் சொன்ன மீன் கதை, பறவைக் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கைமேல் ஆசை வந்ததாம். தமிழ்வழியில் படிக்கிறோமே என்று யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்!

கல்கத்தாவில் பட்டம் பெற்று, மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு சரியில்லாமல் போனதால் அதை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். 1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஓர் அநியாயம் காத்திருந்தது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. தற்காலிக வேலை என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் கூச்சல் போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஆனால் சம்பளத்தைத் தொடவே இல்லை. மூன்று வருடம் ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து, பழைய பாக்கியையும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுத்தது. அந்தப் பணத்தில் அப்பாவின் கடனை அடைத்தார். அந்தக் கஷ்ட காலத்தில் துணையாக இருந்த மனைவி அபலா போஸ், நம்ம சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பது நமக்குப் பெருமை.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் கிடைத்தது. தகர வேலை செய்யும் ஒரு தொழிலாளியை வைத்துக் கருவிகளைச் செய்துகொண்டார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் எல்லாரும் பார்க்க, கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையை அனுப்பினார். அது சுவரைத் தாண்டிப் போய், தூரத்தில் இருந்த மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. நடுவில் கம்பியே இல்லை! அவர் உண்டாக்கிய அலைகளில் சில வெறும் 5 மில்லிமீட்டர் நீளம்தான். இன்றைய 5ஜி-யிலும் மில்லிமீட்டர் அலைகளுக்கு இடம் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அலையை அனுப்பினால் போதுமா? வாங்குவதற்கு ஒரு காது வேண்டாமா? அந்தக் காலத்துக் காது, உலோகத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். அலை வந்ததும் தூள் ஒட்டிக்கொள்ளும், பேட்டரியின் மின்சாரம் பாயும். ஆனால் ஒட்டியது தானாகப் பிரியாது. ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டிவிடணும். போஸ் தூளை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன உலோகச் சுருள்களை வரிசையாக வைத்தார். திருகைத் திருப்பி அழுத்தத்தையும், தேவை பார்த்து மின்சாரத்தையும் கூட்டிக் குறைக்க வழி செய்தார். பிறகு தட்டாமலே தானாக மீளும் கருவியையும் செய்து, 1899-ல் வெளியிட்டார்.

அப்போது ஓர் அதிசயத்தைக் கவனித்தார். விடாமல் வேலை வாங்கினால் அந்த உலோகக் காது களைத்துப் போனது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி நன்றாகக் கேட்டது! உலோகத்துக்கும் களைப்பு உண்டா என்று ஆரம்பித்த இந்த ஆராய்ச்சிதான் அவரைச் செடிகொடிகள் பக்கம் கொண்டுபோனது.

நம்ம செல்போனும் ஒரு காதுதான். அதன் களைப்பு வேறு மாதிரி, பேட்டரி தீர்வதுதான் அதன் களைப்பு. ஆங்கிலத்தில் வாய்க்காலுக்கும் சேனல் என்றுதான் பேர், அலை வரும் பாதைக்கும் சேனல் என்றுதான் பேர். கடைமடை விவசாயியை நினைத்துப் பாருங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, தன் முறை வருகிற நேரத்துக்கு மட்டும் மடைக்குப் போவார். மற்ற நேரம் வீட்டில் இருப்பார். செல்போனும் அப்படித்தான். ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து, நமக்கு அழைப்பு உண்டா என்று டவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். டவர் நன்றாகக் கிடைத்தால் பக்கத்து டவர்களைத் தேடாமல் இருக்கலாம். போன் ஒரே இடத்தில் இருந்தால் சோதனையைக் குறைக்கலாம் என்று 2020-ல் வந்த 5ஜி விதிகளிலும் சேர்த்திருக்கிறார்கள். நிலைமை மாறினால் அடிக்கடி பார்க்கும். வாய்க்கால் நிலவரம் பார்த்து நடப்பதுதான் இதன் சூட்சுமம்.

டவரே இல்லாவிட்டால்? தண்ணீர் வராத வாய்க்காலுக்கு ஓடி ஓடிப் பார்ப்பது மாதிரி, போன் எல்லா அலைவரிசையிலும் தேடிக்கொண்டே இருக்கும். தாத்தா போன் அணைந்த ரகசியம் இதுதான்!

போஸின் கண்டுபிடிப்புக்கு நண்பர்கள் வற்புறுத்தி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். 1904-ல் கிடைத்தது. ஆனால் அவர் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை. அறிவு எல்லாருக்கும் பொது என்பது அவர் கொள்கை. 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார். 1896-ல் அவர் வங்க மொழியில் ஒரு கதை எழுதினார். கல்கத்தாவை நோக்கி வந்த புயலை, கடலில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை ஊற்றி அடக்கும் கதை! கஜா வந்த அன்று அந்த எண்ணெய் நம்மிடம் இல்லாமல் போச்சே!

எண்ணெய் இல்லாவிட்டாலும் ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த புயலில் டவர் போய்விட்டால் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். அப்படிப் போட்டால் அழைப்பு வராது. அதனால் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே நேரம் பேசி வையுங்கள். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு என்று முறை வைத்துத் திறந்து பாருங்கள். எங்க வீட்டுக் காலண்டரில் இந்த மூணு நேரத்தையும் தாத்தா எழுதி வைத்துவிட்டார். வேதாரண்யத்து அத்தை வீட்டுச் சுவரிலும் அதே நேரம்தான்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு