ஆபிரகாம் என்ற பேரும் பழவேற்காட்டு ஊழியக்காரரும்



நம்ம ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைகளுக்கும், ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கும் ஆபிரகாம் என்று பேர் வைக்கிறோம். அர்த்தம் கேட்டால் விசுவாசிகளின் தகப்பன் என்பார்கள். அது அவர் ஜீவியத்துக்குக் கிடைத்த பட்டம். பேரின் அர்த்தம் வேற. எபிரெய பாஷையில் ஆப் என்றால் தகப்பன், ராம் என்றால் உயர்ந்த. ஆபிராம், உயர்ந்த தகப்பன். சாராளுக்குப் பிள்ளையில்லாத நாளில், அவருடைய 99-வது வயதில், தேவன் அந்தப் பேரில் ஹே என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தார். ஆபிரகாம், திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் (ஆதியாகமம் 17). நம்ம ஊர் பள்ளிவாசல் பக்கம் இப்ராஹிம் என்று கூப்பிடுவதும் இதே பேர்தான்.

சாராளிடத்தில் பிள்ளையில்லை, பேர் மட்டும் திரளான தகப்பன்! கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் அயலார் சிரித்திருக்க மாட்டார்களா? அவர் சாகும்போது சொந்தமென்று இருந்த நிலம், 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா கல்லறை நிலம் ஒன்றுதான்.

இந்தப் பேரைச் சுமந்த ஒருவர் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டிலேயே ஊழியம் செய்தார். ஆபிரகாம் ரோஜேரியுஸ். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் போதகர், கம்பெனிச் சம்பளக்காரர். அந்தக் கம்பெனி வந்தது துணி வியாபாரத்துக்கு. அடிமை வியாபாரமும் செய்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த மனுஷர் ஒரு காரியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து, போர்த்துக்கீசிய பாஷையில் பேசி, இந்த தேசத்தாரின் பண்டிகை, கலியாணம், சாவுச் சடங்கு, வேதம் எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டு எழுதிவைத்தார். அவர் தம்முடைய விசுவாசத்தை விடவில்லை. ஆனாலும் முதலில் காது கொடுத்தார். பக்கத்து வீட்டாரின் சாமியை மைக்கில் திட்டுகிற நம்ம பிரசங்கிமார் சிலருக்கு அந்தப் பொறுமை இல்லைங்க.

பிறகு பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஊழியம் செய்து, 1647-ல் சொந்த தேசம் திரும்பினார். 1649-ல் கௌடா பட்டணத்தில் மரித்தார். எழுதினது அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. 1651-ல் லெய்டனில் அவருடைய விதவை மனைவிதான் அதை வெளியிட்டார். 1663-ல் ஜெர்மன், 1670-ல் பிரெஞ்சு என்று வேறு பாஷைக்காரர் கைகளுக்கும் அது போயிற்று. பத்மநாபன் விளக்கிச் சொன்ன பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களை ஐரோப்பியர் முதன்முதல் வாசித்தது அந்தப் புஸ்தகத்தில்தான்.