அரக்கை வென்ற அறிஞர் பேக்லாண்டு

மைசூரில் படிக்கும் நமக்கு அரக்கு புதிய பொருளன்று. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையேயுள்ள சன்னபட்டணத்தில் மரப்பொம்மை கடைவதைப் பார்த்திருப்பீர்கள். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள், உராயும் சூட்டில் அரக்கு இளகிப் படிகிறது, ஆறினால் கெட்டியாகிறது. இந்த அரக்குக்கு மாற்றுத் தேடப் புறப்பட்டவர்தாம் லியோ பேக்லாண்டு.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1863-ஆம் ஆண்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தார். தாயார் வீட்டு வேலை செய்தவர். 21 வயதிலேயே டாக்டர் பட்டம்! தம் பேராசிரியரின் மகள் செலினை 1889-இல் மணந்தார். அதே ஆண்டு, பயண உதவித்தொகையில் அமெரிக்கா சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் என்னை உறுத்துவது இந்த இடந்தான். கெண்ட் வளர்த்த பிள்ளையின் அறிவு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஆயினும், ஊரிலேயே இருந்திருந்தால் நல்லதொரு பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். அவ்வளவே என்றும் தோன்றுகிறது. அமெரிக்காவில் அவர் ஆக்கிய வெலாக்ஸ் புகைப்படத் தாளை 1899-இல் ஈஸ்ட்மன் கோடக் வாங்கியது. அந்தப் பணம் யாங்கர்சில் அவருடைய வீட்டருகே சொந்த ஆய்வுக்கூடமாயிற்று.

மின்சாரத் தொழில் பெருகிய காலம் அது. மின்காப்புக்கு அரக்கு வேண்டும். அதுவோ பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில் பூச்சி சுரந்து தரவேண்டியது. பூச்சியை அவசரப்படுத்த முடியுமா?

பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் உண்டாவதை 1872-இலேயே ஜெர்மானியரான பேயர் கண்டார். ஆனால் அவருக்கு அது வேண்டாத கழிவு. பேக்லாண்டு முதலில் அதிலிருந்து செய்த அரக்கு மாற்றும் சந்தையில் எடுபடவில்லை. அவர் விடவில்லை. மூடிய கலத்தில் அழுத்தங் கொடுத்துச் சூடேற்றினார். ஆவி கிளம்பிப் பொருளை நுரைக்க விடாமல் அந்த அழுத்தம் தடுத்தது. கிடைத்தது பேக்கலைட். 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1909-இல் உலகுக்கு அறிவித்தார்.

இங்கேதான் இருவகைப் பிளாஸ்டிக்குகளின் வேற்றுமை இருக்கிறது. பாலித்தீனில் மூலக்கூறுகள் தனித்தனிச் சங்கிலிகள். சூடேற்றினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், பொருள் இளகும். வெல்லத்தைப்போல மீண்டும் உருக்கி வார்க்கலாம். பேக்கலைட்டிலோ சூடுபடும்போது மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து எல்லாம் ஒரே வலையாகிவிடும். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமோ? மேலும் சுட்டால் கருகுமேயன்றி இளகாது. குக்கர் கைப்பிடிக்கு அதை நம்புவது இதனால்தான். உடைந்த பிளாஸ்டிக் வாளியை உருக்கலாம், உடைந்த கைப்பிடியை உருக்க முடியாது என்பதும் இதனால்தான். அந்தக் கழிவை அரைத்துப் புதியதில் நிரப்பியாகச் சேர்ப்பதுண்டு. குறுக்குப் பிணைப்புகளை அவிழ்க்கும் ஆராய்ச்சிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. நம்மில் யாரேனும் அதில் இறங்கினால் மகிழ்வேன்.

தொலைபேசி, வானொலிப் பெட்டி, மின்விசை எல்லாம் பேக்கலைட்டாயின. ஆயினும் அரக்கு அழிந்துவிடவில்லை. நம் மைசூரிலேயே 1937-இல் அரக்குத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது; 1962 முதல் தேர்தல் மை தருவது அதுவே. பேக்லாண்டு 1939-இல் தம் நிறுவனத்தை யூனியன் கார்பைடுக்கு விற்றார். 1944-இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்கன் நகரில் காலமானார்.