பிரிட்டிஷ் மன்னர் பதக்கம் முதல் பத்மபூஷண் வரை: நாமக்கல் கவிஞரைத் தேடி வந்த விருதுகளும் அரசியலும்

காங்கிரஸ் கவிஞர், காந்தியக் கவிஞர் என்று அறியப்பட்ட நாமக்கல் ராமலிங்கம் பிள்ளைக்குக் கிடைத்த முதல் பெரிய அங்கீகாரம் யாரிடமிருந்து தெரியுமா? பிரிட்டிஷ் ஆட்சியிடமிருந்து.

1888-ல், அப்போதைய சேலம் மாவட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். மகனும் காக்கிச் சட்டை போட வேண்டும் என்பது அவரது ஆசை. மகனுக்கோ தூரிகைதான் பிடித்தது. நாமக்கல் தாலுகா ஆபீஸில் கொஞ்ச நாள் குமாஸ்தா, பிறகு கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர். எதுவும் ஒட்டவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி தர்பாரையொட்டி அவர் வரைந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அதே மன்னரின் ஆட்சிதான் பின்னாளில் அவரை ஓராண்டு சிறையில் வைத்தது. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போனவர்கள் வழியெல்லாம் பாடியது இவர் எழுதிய பாட்டைத்தான். சேலத்தில் வக்கீலாக இருந்து தலைவரான ராஜாஜிக்கும் இவருக்கும் இருந்த நெருக்கம் ஊரறிந்தது.

1949-ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. இங்கேதான் அரசியல் வருகிறது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு, 1946-ல், அண்ணா முன்னின்று பாரதிதாசனுக்கு 25,000 ரூபாய் நிதி வழங்கி, புரட்சிக்கவி என்று கொண்டாடினார். அது திராவிட இயக்கத்தின் மேடை. அரசவைப் பட்டம் காங்கிரஸ் அரசின் கையில் இருந்தது. ஆளும் கட்சி தன் போராட்டத்துக்குப் பாடியவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆனால், தகுதியில்லாதவருக்குப் போன பட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சினிமா மட்டும் இந்தக் கட்சிக் கோட்டை மதிக்கவில்லை. காங்கிரஸ்காரரான இவர் எழுதிய மலைக்கள்ளன் நாவல் 1954-ல் படமானது. வசனம் திமுகவின் மு.கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

1971-ல் பத்மபூஷண் வந்தபோது நிலைமை தலைகீழ். மத்தியில் இந்திரா காந்தி, மாநிலத்தில் கருணாநிதி, இருவரும் ஒரே அணி. எதிரணியில் காமராஜரும் ராஜாஜியும். அதாவது, பழைய காங்கிரஸ் கவிஞருக்கு விருது கொடுத்தது, அவரது பழைய தலைவர்கள் எதிர்த்து நின்ற அரசு. அப்போது அவருக்கு 82 வயது. மறுக்கவில்லை; வாங்கிக்கொண்டார். சட்ட மேலவை உறுப்பினர் பதவியையும் இப்படித்தான், வந்தபோது ஏற்றுக்கொண்டவர். பட்டத்தைத் திருப்பி அனுப்பிப் பேர் வாங்குவது அவர் பாணி அல்ல. அதைச் சந்தர்ப்பவாதம் என்பது அவசர முடிவு. மன்னரின் பதக்கம் கையில் இருந்தும் சிறைக்குப் போனவர் அவர்.

1972 ஆகஸ்ட் 24-ல் அவர் காலமானார். 1978-ல், மலைக்கள்ளன் நாயகனான எம்.ஜி.ஆர் முதல்வராக இருந்தபோது, அரசவைக் கவிஞர் பட்டம் கண்ணதாசனுக்குப் போனது. எம்.ஜி.ஆரை மேடையிலும் எழுத்திலும் கடுமையாக விமர்சித்தவர் கண்ணதாசன். பட்டத்துக்கு அதுவும் ஒரு பயன்தானே!

தாலுகா ஆபீஸ் வேலை வேண்டாமென்று வந்தவரின் பெயரில்தான், சென்னை தலைமைச் செயலகத்தில் அரசு ஊழியர்கள் வேலை பார்க்கும் 10 மாடிக் கட்டடம் இருக்கிறது: நாமக்கல் கவிஞர் மாளிகை.