எழுத்து ஓடும்போதே கைதட்டல்!

கொட்டகையில் விளக்கு அணைகிறது. திரையில் எழுத்துகள் வரத் தொடங்குகின்றன. இதை நம் ஜனங்கள் பேர் போடுவது என்பார்கள். ஓட்டமும் நடையுமாக வருகிறவர் டிக்கெட் கிழிப்பவரிடம் முதலில் கேட்பது, பேர் போட்டாயிற்றா என்பதுதான். பேர் ஓடி முடிவதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ஒரு திருப்தி. கதை ஒன்றும் போய்விடவில்லை!

ஆனால் பேர் ஓடும் நேரத்திலேயே கொட்டகை முழுவதையும் நிமிர்ந்து உட்காரச் செய்த நடிகர் ஒருவர் இருந்தார். தம் பெயர் பெரிய எழுத்தில் வருவதற்கு அவர் 11 வருஷம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு முடிந்த இடம் அப்போது கோவைக்குப் பக்கத்தில் இருந்த சிங்காநல்லூர்.

அவர்தான் எம்.ஜி.ஆர்.

இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில் 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் கோபால மேனன். தாயார் சத்தியபாமா. தகப்பனார் சீக்கிரமே காலமானார். இரண்டு பிள்ளைகளோடு தாயார் கும்பகோணத்துக்கு வந்தார். வீட்டில் வறுமை. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

1936-ம் ஆண்டு 'சதி லீலாவதி' என்ற படம் வந்தது. கதை எஸ்.எஸ்.வாசன். டைரக்டர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். கதாநாயகன் எம்.கே.ராதா. அதில் எம்.ஜி.ஆருக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். சின்ன வேடம்தான்.

சின்ன வேடக்காரர்களுக்குப் பேர் போடும்போது என்ன இடம் கிடைக்கும்? எட்டுப் பத்துப் பேரை ஒரே அட்டையில் அடைத்துப் பொடி எழுத்தில் எழுதுவார்கள். படித்து முடிப்பதற்குள் அடுத்த அட்டை வந்துவிடும்.

அட்டை என்று சொன்னேன். அது எப்படித் தயாராகும் என்று தெரிந்துகொண்டால் மேற்கொண்டு சொல்லப் போவது நன்றாக விளங்கும்.

ஸ்டூடியோவில் எழுத்து எழுதும் ஓவியர் ஒருவர் இருப்பார். கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் பெயர்களை எழுதுவார். அதைச் சட்டத்தில் மாட்டி, காமிராவை எதிரே அசையாமல் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். சில படங்களில் கண்ணாடியின் மேல் எழுதி, பின்னால் ஒரு சித்திரத்தை வைப்பார்கள். நீளமான தாளில் எழுதி உருளையில் சுற்றி, மெல்லத் திருப்பினால் எழுத்து கீழேயிருந்து மேலே ஏறும்.

பேசும் படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம். ஒரு பெயரை 5 வினாடி காட்டினால் ஏழரை அடி போய்விடும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. 11,000 அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. அந்த நாளில் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு. சின்ன நடிகரின் பெயருக்கு யார் ஏழரை அடி கொடுப்பார்கள்?

நம் எம்.ஜி.ஆர். அந்தக் காலத்தில்தான் 'மாயா மச்சீந்திரா', 'அசோக் குமார்', 'தமிழறியும் பெருமாள்' என்று சிறு சிறு வேடங்களில் நடித்துக் கொண்டிருந்தார்.

சிங்காநல்லூரில் திரும்பிய காலம்

கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் போனால் சிங்காநல்லூர். பெரிய குளம், பஞ்சாலைகள், ஆலைச் சங்கு. அங்கேதான் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் முதலாளிகள் எம்.சோமசுந்தரமும் எஸ்.கே.மொகிதீனும் அங்கே படம் எடுத்தார்கள். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். ஸ்டூடியோ ஆலை மாதிரியே நடந்தது என்று சொன்னால் மிகையல்ல.

ஜூபிடரின் 'ஸ்ரீ முருகன்' 1946-ல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். அதில் சிவபெருமான். கே.மாலதி பார்வதி. இருவரும் ஆடிய நடனத்தை எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த படம் 'ராஜகுமாரி'. பி.யு.சின்னப்பாவும் டி.ஆர்.ராஜகுமாரியும் நடிப்பதாக முதலில் ஒரு யோசனை இருந்தது. இருவரும் அப்போது உச்சியில் இருந்தவர்கள். பிறகு முதலாளிகளின் மனம் மாறியது. சம்பளத்துக்கு இருக்கும் நம் ஆட்களையே போட்டு எடுத்துப் பார்ப்போமே என்று துணிந்தார்கள். டைரக்டர் ஏ.எஸ்.ஏ.சாமி. சங்கீதம் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. கோவை ராமநாதபுரத்துப் பயில்வான் சாண்டோ சின்னப்பா தேவரும் அதில் நடித்தார். பின்னாளில் எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த அதே தேவர்தான்.

1947 ஏப்ரலில் 'ராஜகுமாரி' வெளியாயிற்று. வெற்றி! 30 வயதில் எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனார். கூட்டத்தில் ஒன்றாக இருந்த பெயர் முன்வரிசைக்கு வந்தது.

அந்தப் பெயரிலும் ஒரு விசேஷம் உண்டு. அந்த நாளில் படத்தில் ராம்சந்தர் என்றுதான் போட்டார்கள். 'சபாபதி' படத்தில் சிரிக்க வைத்த டி.ஆர்.ராமச்சந்திரன் அப்போது மிகவும் பிரபலம். இரண்டு ராமச்சந்திரன்கள் திரையில் ஓடினால் எவர் எவரென்று ஜனங்கள் குழம்பத்தானே செய்வார்கள்? சில வருஷங்களுக்குப் பிறகுதான் எம்.ஜி.ராமச்சந்திரன் என்ற முழுப் பெயர் திரையில் வந்தது.

'ராஜகுமாரி'க்கு வசனம் எழுத உதவி செய்ய, திருவாரூர் இளைஞர் ஒருவர் சிங்காநல்லூருக்கு வந்து குடியிருந்தார். மு.கருணாநிதி. அடுத்து 'அபிமன்யு'வுக்கும் வசனம் எழுதினார். 1948-ல் அந்தப் படம் வந்தது. எழுதியவர் ஆசையோடு பார்க்கப் போனார். பேர் ஓடியது; ஓடி முடிந்தது. அவர் பெயர் அதில் இல்லை. மனம் நொந்து வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஏழரை அடி பிலிம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்! 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் அவர்தான். கதாநாயகன் எம்.ஜி.ஆர்.

ஜூபிடர் 1951-ல் எடுத்த 'மர்மயோகி'யில் கதாநாயகன் பெயர் கரிகாலன். படத்துக்கும் அதே பெயரை வைக்க இருந்தார்கள். சோழ மன்னன் சரித்திரம் என்று ஜனங்கள் எண்ணிவிடுவார்களே என்று மாற்றினார்கள். சரியான மாற்றம். மர்மயோகி என்ற சொல் திரையில் வந்தவுடனேயே ஏதோ இரகசியம் இருக்கிறது என்று மனம் பரபரக்கிறது அல்லவா? பேர் போடுவதில் முதல் வேலை இதுதான். வரப்போகும் கதைக்குத் தக்கபடி மனத்தைத் தயார் செய்யவேண்டும்.

1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்' வந்தது. கதை நாமக்கல் கவிஞருடையது. டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு. அது ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதன் பிறகு எம்.ஜி.ஆர். திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து எதற்கு?

இங்கே ஒரு கேள்வி. 1951-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் திரையில் ஓடும் எழுத்து வெறும் கோடுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் உரக்கப் படித்துச் சொல்வான். இல்லாவிட்டால் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் படிக்காதவருக்கும் ஜெமினி படம் என்று தெரிந்துவிடும். இரண்டு குழந்தைகள் ஊதுகுழல் ஊதி நிற்பார்களே, அது வந்தால் வாசன் படம்! எழுத்து வேண்டியதில்லை. கண்ணும் காதும் போதும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எம்.ஜி.ஆருக்கு இந்தச் சூட்சுமம் விளங்கியிருந்தது என்பதற்கு 'நாடோடி மன்னன்' சாட்சி.

அது அவருடைய சொந்தப் படம். எம்ஜியார் பிக்சர்ஸ் என்று கம்பெனி தொடங்கினார். அவரே டைரக்டர். அவருக்கே இரட்டை வேடம். ஒருவன் மன்னன், மற்றவன் நாடோடி. பாதி வழியில் பணம் நெருக்கியது. கடன் வாங்கினார். சம்பாதித்ததையெல்லாம் அதில் கொட்டினார். படம் தோற்றால் மறுபடி நாடோடிதான் என்பது அவருக்குத் தெரியும்.

1958 ஆகஸ்டு 22-ந் தேதி படம் வெளியாயிற்று. திரையில் முதலில் கம்பெனிச் சின்னம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கொடி பிடித்து நிற்கிறார்கள். அது தி.மு.கழகக் கொடி. கழகம் 1957-ல்தான் முதன்முதலாகத் தேர்தலில் நின்றிருந்தது. எம்.ஜி.ஆர். 1953-ல் அதில் சேர்ந்தவர். எழுத்து தெரியாதவரும் அந்தக் கொடியைத் தெருவில் பார்த்திருப்பார்.

சின்னத்தைத் தொடர்ந்து, தமிழ் மொழியை வணங்கும் ஒரு பாட்டு. பெயர்கள் ஓடுகின்றன, பாட்டும் ஓடுகிறது. படத்தின் இசையில் பெரும் பங்கு சிங்காநல்லூர்க்காலத்து அதே சுப்பையா நாயுடு. படிக்கத் தெரிந்தவர் பெயரைப் படித்தார். தெரியாதவர் பாட்டைக் கேட்டார். யாருடைய படம், எந்தப் பக்கத்துப் படம் என்பது கதை ஆரம்பிக்கு முன்பே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

படம் மாபெரும் வெற்றி.

அமெரிக்காவில் அதே காலத்தில் சால் பாஸ் என்ற ஓவியர் பேர் போடுவதையே தனிக் கலையாக்கிக் கொண்டிருந்தார். அங்கும் அதுவரை பேர் ஓடும்போது திரைச்சீலையைக்கூட விலக்காத கொட்டகைகள் உண்டு. 1955-ல் அவர் பேர் போட்ட ஒரு படத்தின் பெட்டிகளின் மேல், பேர் வருவதற்கு முன்பே திரைச்சீலையை விலக்கிவிட வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். கோடுகளையும் வளையங்களையும் ஆடவிட்டு அவர் மனத்தைத் தயார் செய்தார். நம் ஊரில் அதற்குக் கொடியும் பாட்டும் உதவின. எனக்குக் கேட்டால், தரை டிக்கெட்டுக்கு எது பொருத்தம் என்பதில் நம்மவரே கெட்டிக்காரர்.

எல்லாப் படங்களிலும் இந்தக் கெட்டிக்காரத்தனம் இருந்தது என்று சொல்ல முடியாது. வெள்ளை மேகத்தின் மேல் வெள்ளை எழுத்தைப் போட்டுக் கண்ணைக் கெடுத்தவர்கள் உண்டு. மாமன் மச்சான் பெயரையெல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் ஓட்டியவர்களும் உண்டு. அப்போது விசில் அடித்தது சந்தோஷத்தினால் அல்ல!

எம்.ஜி.ஆர். பெயர் வந்தால் கதையே வேறு. புரட்சி நடிகர் என்ற பட்டத்தோடு பெரிய எழுத்தில் அது தனியாக வரும். கைதட்டல், விசில், காகிதப் பூ. மற்ற பெயர்கள் அந்தக் கூச்சலில் முழுகிவிடும். அந்தப் பெயரின் வடிவத்தையே பார்த்துப் பழகிவிட்டவர்கள், மற்ற எழுத்து தெரியாவிட்டாலும் அதைக் கண்டுகொண்டார்கள்.

1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. பிழைத்தார். குரல் மாறியது. கூட்டம் குறையவில்லை. 1972 அக்டோபரில் தி.மு.கழகத்திலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அடுத்த மே மாதம் அவர் டைரக்ட் செய்த இரண்டாவது படம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. அதே மாதம் திண்டுக்கல்லில் இடைத்தேர்தல். இந்தப் படத்திலும் பேர் ஓடும்போது ஒரு பாட்டு. மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன். பாடியவர் சீர்காழி கோவிந்தராஜன். வெற்றி நமக்கே என்று முழங்கும் பாட்டு. கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது சினிமாப் பாட்டாகவா கேட்டிருக்கும்? திண்டுக்கல்லில் புதுக்கட்சி ஜெயித்தது.

1977 ஜூன் 30-ந் தேதி அவர் முதல் மந்திரி ஆனார். 1987 டிசம்பர் 24-ந் தேதி காலமாகும்போதும் முதல் மந்திரிதான். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ அதற்கு வெகு காலம் முன்பே மறைந்து போயிற்று.

பேர் போடுவதில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கதாநாயகன் பெயர் முதலில் வரும். டைரக்டர் பெயர் கடைசியில் வரும். அவருடைய கடைசிப் படம் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. கதாநாயகனும் அவரே, டைரக்டரும் அவரே. 1978 பொங்கலுக்கு அது கொட்டகைக்கு வந்தபோது, அவர் கோட்டையில் பதவி ஏற்று ஆறு மாதம் கடந்திருந்தது.